வீட்டு விஞ்ஞானம்: இரட்டைப் பிம்பம்

நேயர்களில் பலருடைய வீட்டுப் பரணில் ஒரு பழைய காமிரா இருக்கக்கூடும். தாத்தாவோ மாமாவோ ஒரு காலத்தில் பெருமையுடன் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்த பண்டம் அது. இன்று தோலுறையின் வார் அறுந்து, தூசி படிந்து, மூலையில் கிடக்கிறது. கையிலுள்ள டெலிபோனே படம் பிடிக்கும் இந்தக் காலத்தில் அதை யார் சீந்துகிறார்கள்? ஆயினும் அந்தப் பெட்டிக்குள்ளே ஓர் அழகான சாஸ்திரம் ஒளிந்திருக்கிறது. அதையே இந்த வாரம் சொல்லலாமென்று உத்தேசம். சாஸ்திரத்தைச் சொல்லும்போது என்னுடைய அசட்டுத்தனம் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. உபாத்தியாயர் தம் தப்பைத் தாமே எடுத்துச் சொல்வது அபூர்வமான காரியம். ஆகையால் நேயர்கள் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டும்.

நான் வசிப்பது நெய்வேலியில். 1957-ம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி ஜவாஹர்லால் நேரு இங்கே சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டது. 1962-ல் முதல் அனல் மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கிற்று. சுரங்கத்தில் மண்ணை வாரிய பிரம்மாண்டமான சக்கர யந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. மின் நிலையமோ சோவியத் நாட்டின் உதவியுடன் எழுந்தது. "ஒரு பக்கம் ஜெர்மன்காரன், மறு பக்கம் ரஷ்யாக்காரன், நடுவிலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாங்கள்!" என்று என் தந்தையார் சொல்லிச் சிரிப்பார். அவர் அந்த மின் நிலையத்தில் வேலை பார்த்தவர்.

ஊருக்குத் திரும்பவிருந்த ஒரு ரஷ்ய இஞ்சினீயரிடமிருந்து அவர் விலைக்கு வாங்கியதுதான் எங்கள் வீட்டுக் காமிரா. 'மாஸ்க்வா 5' என்று பெயர். மாஸ்கோவுக்கு அருகேயுள்ள கிராஸ்நகோர்ஸ்க் தொழிற்சாலையில் 1956 முதல் 1960 வரையில் செய்யப்பட்டது. ஆனால் அதன் பூர்வோத்தரத்தை விசாரித்தால், ஜெர்மனியின் ஜைஸ் ஐகான் கம்பெனி 1934-ல் வெளியிட்ட 'சூப்பர் ஐகாண்டா'வில் போய் முடியும். போர் முடிந்த பிறகு ரஷ்யர்கள் அதே அமைப்பைப் பின்பற்றித் தங்கள் காமிராவைச் செய்தார்கள். ஜெர்மன் யோசனை, ரஷ்ய வேலைப்பாடு, தமிழன் கையில் உபயோகம்! நெய்வேலிக்கு இதைவிடப் பொருத்தமான காமிரா வேறு எது?

மூடியிருக்கும்போது அது தடித்த புத்தகத்தைப்போல் இருக்கும். பொத்தானை அழுத்தினால் முன்கதவு திறந்து, துருத்தியோடு லென்ஸ் முன்னால் வந்து நிற்கும். 1901-ல் கோடக் கம்பெனி கொண்டு வந்த 120 நம்பர் பிலிம் அதற்குப் பொருந்தும். அந்தப் பிலிம் இன்றும் செய்யப்படுகிறது. ஒரு சுருளில் எட்டுப் படங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6 செண்டிமீட்டருக்கு 9 செண்டிமீட்டர். அதாவது சாதாரண 35 மில்லிமீட்டர் பிலிம் படத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் பரப்பு. அப்பா ஒரு சமயம் உதகமண்டலத்தில் செய்த 'இந்து' பிலிமை வாங்கி உபயோகித்தார். 1960-ல் நிறுவப்பட்டு 1967-ல் உற்பத்தி தொடங்கிய அந்தச் சர்க்கார் ஆலை இப்போது இயங்கவில்லை. எட்டுப் படங்கள்தான் என்பதால், அப்பா ஒரு படம் எடுக்குமுன் பத்து முறை யோசிப்பார். நாங்கள் குழந்தைகள் பொறுமையிழந்து கொட்டாவி விடுவோம். அவருடைய பழைய படங்களில் பாதி கொட்டாவிப் படங்களே.

யோசனைக்கெல்லாம் காரணம் குவியம். போக்கஸ் என்று சொல்கிறோமே, அதுதான். வெகு தூரத்திலுள்ள பொருளிலிருந்து வரும் ஒளியை 105 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று தனக்குப் பின்னால் 105 மில்லிமீட்டரில் பிம்பமாக்குகிறது. அதே லென்ஸுக்கு முன்னால் 2 மீட்டரில் ஒருவர் வந்து நின்றால், அவருடைய பிம்பம் ஏறக்குறைய 111 மில்லிமீட்டரில்தான் விழும். பிலிமோ இருந்த இடத்தில் இருக்கிறது. ஆகவே லென்ஸைச் சரிப்படுத்தாவிட்டால் முகம் கலங்கிய குளத்து நீரைப்போல ஆகிவிடும். சரிப்படுத்த வேண்டுமானால் முதலில் தூரம் தெரிய வேண்டும். வெறுங்கண்ணால் மதிப்பிடலாமென்றால், இரண்டு மீட்டரையும் இரண்டரை மீட்டரையும் பிரித்தறியும் கண் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

இங்கேதான் தூரமானி வருகிறது. ரேஞ்ச் பைண்டர் என்று காமிராக்காரர்கள் சொல்வது இதையே. இதன் தத்துவத்தை நேயர்கள் இந்தக் கணமே பரீட்சித்துப் பார்க்கலாம். கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டுங்கள். இடது கண்ணை மூடி வலது கண்ணால் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். விரல், எதிரிலுள்ள சுவரின்மேல் இங்குமங்கும் துள்ளுகிறதல்லவா? விரலை முகத்தருகே கொண்டு வந்தால் துள்ளல் அதிகம்; தள்ளிக்கொண்டு போனால் குறைவு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். துள்ளலின் அளவைக் கொண்டு தூரத்தைச் சொல்லிவிடலாம். தூரமானியின் ரகசியம் இவ்வளவே.

காமிராவின் தலையில் இரண்டு கண்கள், சில செண்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. ஒன்றின் வழியே நாம் நேராகப் பார்க்கிறோம். அந்தப் பாதையில், பாதி ஒளியை விட்டு பாதியைத் திருப்புகிற மெல்லிய பூச்சுடைய கண்ணாடி ஒன்று சாய்வாக நிற்கிறது. இரண்டாவது கண்ணில் விழுந்த காட்சி பக்கவாட்டில் வந்து, இந்தக் கண்ணாடியில் பட்டு, நம்முடைய கண்ணுக்கே வந்து சேருகிறது. ஆகவே நமக்கு ஒருவர் இருவராகத் தெரிகிறார். இரண்டாவது ஒளிக்கதிரைச் சிறிது சிறிதாக வளைத்துக்கொண்டே போனால் ஓர் இடத்தில் இருவரும் ஒருவராகி விடுவார்கள். எவ்வளவு வளைத்தோமோ அதுதான் தூரத்துக்கு அளவு. இரு கண்களுக்கும் இடையே 5 செண்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டரிலுள்ளவருக்கு வளைக்க வேண்டியது சுமார் 1.4 பாகை, 10 மீட்டரிலுள்ளவருக்கு 0.3 பாகைக்கும் குறைவு. அதற்கு மேல் போகப் போக, தூரமானிக்கே தூரத்தில் தடுமாற்றம் வந்துவிடும். நல்ல வேளையாக, தூரத்துப் பொருள்களுக்கு லென்ஸும் அவ்வளவு கண்டிப்புக் காட்டுவதில்லை.

இடைவெளி அதிகமானால் துல்லியமும் அதிகம். ஆகையால்தான் பழைய போர்க்கப்பல்களில் ஆளுயரத்துக்கு மேல் நீண்ட குழாய்களைத் தூரமானியாக வைத்திருந்தார்கள். 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன் கப்பலை மறந்த தமிழர் உண்டா? 'அவன் பெரிய எம்டன்!' என்று இன்னமும் சொல்கிறோமே! அதே வருஷம் நவம்பர் 9-ந் தேதி கோகோஸ் தீவுகளுக்கு அருகில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்னும் கப்பல் எம்டனை மடக்கியது. சண்டை தொடங்கிய சற்றைக்கெல்லாம் எம்டனின் குண்டு சிட்னியின் தூரமானி ஒன்றைத் தாக்கி, அதைக் கையாண்ட மாலுமியின் உயிரையும் குடித்தது. முடிவில் சிட்னிதான் வென்றது. இந்தப் போர்க்கருவி சுருங்கிச் சட்டைப்பைக் காமிராவுக்குள் குடியேறியது பெரிய கதை. லென்ஸும் தூரமானியும் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் ஏற்பாட்டை 1916-லேயே கோடக் கம்பெனி தன் மடக்குக் காமிரா ஒன்றில் செய்து காட்டிவிட்டது.

ஆனால் மடக்குக் காமிராவில் ஒரு சங்கடம் உண்டு. லென்ஸ் துருத்தியின் முனையில் முன்னால் நிற்கிறது. தூரமானியோ பின்னால் பெட்டியின் தலையில். இரண்டையும் கம்பியால் இணைத்தால், மடக்கி விரிக்கும் ஒவ்வொரு தடவையும் தளர்ச்சி ஏற்படும். ஜைஸ் ஐகான்காரர்கள் இதற்குக் கண்ட வழி மிகவும் சாமர்த்தியமானது. லென்ஸின் பக்கத்தில் ஒரு சிறு கை நீண்டிருக்கும். அதன் நுனியில் வட்டமான இரண்டு கண்ணாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து, ஆப்பைப்போல் இருக்கும். ஒன்றின் தடித்த பக்கமும் மற்றதன் மெலிந்த பக்கமும் சேர்ந்து நின்றால், இரண்டும் சாதாரண ஜன்னல் கண்ணாடிக்குச் சமானம். ஒளி நேரே போகும். லென்ஸ் வளையத்தைத் திருகினால், பல்சக்கரங்களின் உதவியால் இவ்விரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழலும். மேலும் கீழும் ஏற்படக்கூடிய வளைவு ஒன்றையொன்று கழித்துவிட, பக்கவாட்டு வளைவு மட்டும் மெல்ல மெல்லக் கூடும். கண்ணாடிகள் நிறையச் சுழன்றால்தான் ஒளி கொஞ்சம் வளையும்; அதனால் பல்சக்கரத்தில் சிறு தளர்ச்சி இருந்தாலும் பாதகமில்லை. அந்தக் கை இம்மி சாய்ந்திருந்தாலும் ஒளியின் வளைவு அநேகமாக மாறுவதில்லை. தூரமானியின் மற்றப் பாகங்கள் பின்னால் பெட்டியில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே கம்பியுமில்லை, நெம்புகோலுமில்லை. ஒளி மட்டுமே பாலம்.

வளையத்தைத் திருகும்போது வேறொன்றும் நடக்கிறது. லென்ஸின் முன்கண்ணாடி மரையில் சுழன்று முன்னே வருகிறது. அதனால் குவியம் கிட்டத்துக்கு மாறுகிறது. ஒரே திருகலில் இரண்டு காரியம்: அந்தப் பக்கம் இரட்டைப் பிம்பம் ஒன்றாகிறது, இந்தப் பக்கம் லென்ஸ் சரியாகிறது. இரண்டும் ஒத்துப்போகும் என்பது வளையத்தையும் முன்கண்ணாடியையும் பிணைத்திருக்கும் சிறு திருகாணிகளின் சத்தியம். இதை நேயர்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். தூரமானி பிலிமைப் பார்ப்பதே இல்லை. லென்ஸின் வழியாகவும் பார்ப்பதில்லை. தூரத்தை அளந்து சொல்வதோடு அதன் வேலை தீர்ந்தது.

இனி என் அசட்டுத்தனத்துக்கு வருகிறேன்.

நான் சிறுவனாயிருந்தபோது ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் ஒரு சடங்கு நடக்கும். அப்பா ஸ்பானர், திருப்புளி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். பிறகு காமிராவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார். அதன் முதுகைத் திறந்து, பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தேய்த்த கண்ணாடித் துண்டை வைப்பார். தலைமேல் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு, மைலுக்கு அப்பால் தெரியும் மின் நிலையத்தின் புகைபோக்கியையே வெகு நேரம் பார்ப்பார். "சரியாயிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு இறங்கி வந்த பிறகுதான் பொரியும் கடலையும் எங்களுக்குக் கிடைக்கும். மின் நிலையத்தில் வேலை செய்கிறவர் புகைபோக்கியைக் கும்பிடுகிறார் போலும் என்று நான் நினைத்திருந்தேன்.

2018-ம் வருஷம் அந்தக் காமிராவை மறுபடியும் உபயோகிக்க ஆசைப்பட்டேன். லென்ஸின் உட்புறம் பூஞ்சை படர்ந்திருந்தது. நான் பட்டதாரி, பௌதிகம் படித்தவன், பயமென்ன? திருகாணிகளைத் தளர்த்தி, முன்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பழையபடி பூட்டினேன். அப்போது அப்பா சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். உடம்பு தளர்ந்திருந்த சமயம்.

"புகைபோக்கியைப் பார்த்தாயாடா?" என்று கேட்டார்.

"பார்த்தேன் அப்பா. இரண்டும் அச்சாய் ஒன்றாய் விழுகிறது" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. தூரமானித் துவாரத்தின் வழியே பார்த்தேன். புகைபோக்கியின் இரட்டைப் பிம்பம் அழகாக ஒன்றாகத்தான் விழுந்தது. அவர் கேட்டதோ வேறு. அதைப் புரிந்துகொள்ளாமலே அன்று சாயங்காலம் அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்து, வெளிச்சம் குறைவாக இருந்தபடியால் லென்ஸை முழுவதும் திறந்து, எட்டுப் படங்களையும் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் நெற்றியின் விபூதிக்கு நடுவிலிருந்த குங்குமப் பொட்டைப் பார்த்து இரண்டு பிம்பங்களையும் ஒன்றாக்கினேன். பிலிமைச் சென்னைக்குத் தபாலில் அனுப்பிக் கழுவி வாங்கியபோது நான் கண்டது என்ன? அவருக்குப் பின்னால், அரை மீட்டர் தள்ளிச் சுவரில் தொங்கிய காலண்டர் அற்புதமாக விழுந்திருந்தது. தேதியைப் படிக்கலாம், ராகு காலத்தைக்கூடப் படிக்கலாம். அப்பாவின் கண்கள் மாத்திரம் இல்லை. எட்டிலும் அப்படியே. படத்தைக் கையில் வாங்கிப் பார்த்த அவர், "காலண்டர் நன்றாக வந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னார். மறுபடி எடுக்கலாமென்று நாளைக் கடத்தினேன். அடுத்த வருஷம் அவர் காலமாகிவிட்டார்.

நடந்தது என்னவென்று கணக்குப் போட்டால் வெட்கமாயிருக்கிறது. முன்கண்ணாடியைத் திரும்பப் பூட்டியபோது அதை அதன் பழைய ஸ்தானத்தில் நிறுத்தவில்லை. வளையம் 2 மீட்டர் என்று சொன்னபோது லென்ஸ் இரண்டரை மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தூரமானி அப்பாவின் தூரத்தைச் சரியாகவே அளந்தது. பிழை, அதன் சொல்லை லென்ஸுக்குக் கொண்டுபோன இடத்தில்! 105 மில்லிமீட்டர் லென்ஸை 3.5 என்ற எண்ணில் முழுதும் திறந்து, 2 மீட்டரிலுள்ளவரைப் படம் பிடித்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 12 செண்டிமீட்டர். அரைச் சாண் என்று சொல்லலாம். அரை மீட்டர் பிழையை அது எப்படித் தாங்கும்? பட்டப் பகலில் 16 என்ற எண்ணுக்குத் துவாரத்தைக் குறுக்கியிருந்தால் ஆழம் அரை மீட்டருக்கு மேல் வந்திருக்கும். முகமும் ஒருவாறு தேறியிருக்கும்.

காரியங்களெல்லாம் முடிந்த பிறகு அப்பாவின் மேஜையைத் திறந்தபோது அந்தத் தேய்த்த கண்ணாடித் துண்டு கிடைத்தது. ஓரங்களை அரம் கொண்டு மழுக்கி, மெல்லிய துணியில் சுற்றி வைத்திருந்தார். அதன் அளவு மில்லிமீட்டர் பிசகாமல் பிலிம் பாதைக்குப் பொருந்திற்று. ஆயுத பூஜைச் சடங்கின் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. 'புகைபோக்கியைப் பார்த்தாயா?' என்று அவர் கேட்டது, பிலிம் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தாயா என்பது!

ஆகையால், பரணிலிருந்து இப்படிப்பட்ட காமிராவை இறக்கும் நேயர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிலிமைப் போடுமுன், காமிராவின் முதுகைத் திறந்து, தேய்த்த கண்ணாடி ஒன்றைச் சொரசொரப்பான பக்கம் லென்ஸை நோக்கியிருக்கும்படி பிலிம் பாதையின்மேல் பதியுங்கள். ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தி, லென்ஸையும் முழுவதும் திறந்துவிடுங்கள். வளையத்தை அனந்தம் என்ற குறியில் வைத்து, மிகத் தொலைவிலுள்ள கோபுரத்தையோ புகைபோக்கியையோ உருப்பெருக்கிக் கண்ணாடியால் கவனியுங்கள். அது கூர்மையாகத் தெரிய வேண்டும். அதே நிலையில் தூரமானியிலும் இரட்டைப் பிம்பம் ஒன்றாயிருக்க வேண்டும். பிறகு 2 மீட்டரில் ஒரு புத்தகத்தை நிறுத்தி, நாடாவால் அளந்து, மறுபடியும் இரண்டையும் பாருங்கள். இரண்டு சாட்சிகளும் இரண்டு இடத்திலும் ஒரே வாக்குமூலம் கொடுத்தால் காமிராவை நம்பலாம். கொடுக்காவிட்டால், வளையத்தின் திருகாணிகளைத் தளர்த்தி, முன்கண்ணாடியைத் தேய்த்த கண்ணாடியின் சாட்சிப்படி நிறுத்தி, வளையத்தை அனந்தத்தில் வைத்து முடுக்க வேண்டும்.

கையாளும்போதும் இரண்டொரு ஜாக்கிரதை வேண்டும். பிம்பங்கள் பக்கவாட்டில் நகருகிறபடியால், செங்குத்தான கோட்டைத்தான் பார்க்க வேண்டும். தோளில் தொங்கும் துண்டின் ஓரம், தூணின் விளிம்பு, மூக்கின் பக்கம் இவை உத்தமம். படிக்கட்டையும் குறுக்குக் கோட்டுப் புடவையையும் பார்த்துப் பயனில்லை. அவசியமானால் காமிராவையே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஜன்னல் கம்பிகளிடம் மிகவும் எச்சரிக்கை. ஒரு கம்பியின் பிம்பம் அடுத்த கம்பியின்மேல் விழுந்து, எல்லாம் பொருந்திவிட்டதுபோல் ஏமாற்றிவிடும்.

முதல் அனல் மின் நிலையம் 2020-ல் தன் உழைப்பை நிறுத்திக்கொண்டது. இப்போது நான் ஆயுத பூஜையன்று மாடியிலிருந்து பார்ப்பது இரண்டாவது நிலையத்தின் புகைபோக்கியை. என் வகுப்புப் பையன்கள் சிலரும் வருவார்கள். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, கண்ணாடியில் தலைகீழாகத் தொங்கும் புகைபோக்கியைக் கண்டு, "சார், புகை கீழே போகிறது!" என்று கூவுவார்கள்.

சென்ற பூஜைக்குப் பிறகு அம்மாவை அதே நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுத்தேன். தேய்த்த கண்ணாடியில் பார்த்தாயிற்று, தூரமானியிலும் பார்த்தாயிற்று, போதாததற்குக் காமிராவிலிருந்து அம்மாவின் மூக்குத்தி வரையில் நாடா பிடித்தும் அளந்தேன். "போட்டோ எடுக்கிறாயா, ரவிக்கைக்கு அளவெடுக்கிறாயா?" என்று அம்மா கேட்டாள். படத்தில் அவளுடைய கண்ணிமை ஒவ்வொன்றும் தெரிகிறது. பின்னாலிருக்கும் காலண்டரில் என்ன தேதி என்று யாராலும் படிக்க முடியாது.